பெரிஸ்டால்சிஸ்: ‘குடல் அலைவு’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம். குழாய் போன்ற உறுப்பு, தன் தசைச் சுருக்கத்தை அலையாக நகர்த்தி உள்ளிருப்பதை முன்னே தள்ளுவதுதான் பெரிஸ்டால்சிஸ் (peristalsis). நம் சொற்பட்டியலுக்கு இதற்கொரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த பரிந்துரை ஒன்று:

> ‘குடல் அலைவு’ என்றே வைத்துக்கொள்ளலாம். படிக்கிற பிள்ளைக்குச் சட்டென்று புரியும்.

ஐயா, புரியும்தான். ஆனால் அடுத்த பக்கத்திலேயே காலை வாரிவிடும். உணவை விழுங்கியதும் இந்த இயக்கம் தொடங்குவது உணவுக்குழலில். ‘உணவுக்குழலின் குடல் அலைவு’ என்று எழுதிப் பாருங்கள். அதுகூடப் பரவாயில்லை. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீர் இறங்குவதும் இதே இயக்கத்தால்தான். சிறுநீர்நாளத்துக்குள் குடலை எப்படிக் கொண்டுபோவது? மண்புழு ஊர்வதையும் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். உறுப்பின் பெயரைச் சொல்லுக்குள் வைத்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

எனக்கு இன்னும் பெரிய உறுத்தல் ‘அலைவு’. இயற்பியலில் ஊசலின் அலைவு, அலைவு நேரம் என்று படித்த பிள்ளைக்கு, அலைவு என்றால் போய்த் திரும்பி வருவது. இங்கே நடப்பது அதுவல்ல. ஒரு மெல்லிய ரப்பர் குழாய்க்குள் கோலிக்குண்டு ஒன்றைப் போட்டு, அதன் பின்னால் இரு விரலால் இறுக்கி, இறுக்கிய இடத்தை அப்படியே முன்னே நகர்த்துங்கள். குண்டு நகரும், குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். உணவுக்குழலில் அந்த விரல்களின் வேலையைச் செய்பவை வட்டத்தசைகள். உணவுக்கவளத்துக்குப் பின்னால் அவை சுருங்குகின்றன, முன்னால் தளர்கின்றன. பின்னால் சுருக்கம், முன்னால் தளர்வு என்ற இந்த ஒழுங்கை 1899-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற உடலியல் ஆய்வாளர்கள் இருவரும் குடலில் விளக்கிக் காட்டினார்கள். தலைகீழாக நின்று குடித்தாலும் தண்ணீர் இரைப்பைக்குப் போய்ச் சேருவது இதனால்தான்.

உண்மையில் ‘அலைவு’ பொருந்துகிற இயக்கம் ஒன்று சிறுகுடலில் இருக்கிறது. ஆங்காங்கே வட்டத்தசை சுருங்கி, உணவுக்கூழை முன்னும் பின்னும் தள்ளிச் செரிமான நீரோடு கலக்கிறதே, அது. அந்த இயக்கத்துக்குரிய சொல்லைப் பெரிஸ்டால்சிஸுக்குப் போட்டுவிட்டால், அதற்கு வேறென்ன வைப்பது? அதற்கு என் பரிந்துரை ‘பிசைவு’. மாவு பிசைந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

சரி, பெரிஸ்டால்சிஸுக்கு என்ன? நான் போட்டுப் பார்த்துக் கிழித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ‘பிதுக்கலை’ பொருளுக்குக் கச்சிதம். ஆனால் ‘பிதுக்கலை’ என்று கண்டால் யாரும் ‘பிதுக்கல்’ இரண்டாம் வேற்றுமை ஏற்றது என்றுதான் படிப்பார்கள். ‘தள்ளலை’க்கும் அதே கதி. ‘உந்தலை’ இன்னும் மோசம், வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் அவரவர் தலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். ‘அலைப்பிதுக்கம்’ என்று திருப்பிப் போட்டால், குடல் பிதுக்கம் என்ற நோய் நினைவுக்கு வருகிறது. ‘அலை இயக்கம்’ ஏற்கெனவே இயற்பியலின் சொத்து.

மிஞ்சியது ‘அலையுந்தல்’. அலையாக நகர்ந்து உந்துவது. இடம் இல்லை, உறுப்பு இல்லை. ‘சிறுநீர்நாளத்தின் அலையுந்தல்’, ‘எதிர் அலையுந்தல்’ எல்லாம் இடறாமல் வருகின்றன. அடித்து நொறுக்குங்கள்.

———

வணக்கம் ஐயா.

முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் என்பதால் இரண்டு வார்த்தை. ‘பிசைவு’ அருமை, நாளைக்கே எடுத்துக்கொள்வேன். ‘அலையுந்தல்’ பற்றித்தான் தயக்கம். சேர்த்து எழுதினால் ‘அலையும்’ என்று கண் நின்றுவிடுகிறது, மீதி ‘தல்’ அநாதையாகிறது. பேசாமல் ‘தசையலை’ என்று வைத்தால் என்ன? சின்னச் சொல், வாயில் நிற்கும்.

> ‘எதிர் அலையுந்தல்’

இதற்கு வாந்தியை மட்டும் எடுத்துக்காட்டாக எழுதிவிடாதீர்கள். வாந்திக்கு முன் சிறுகுடலிலிருந்து இரைப்பையை நோக்கி அப்படி ஓர் அலை வருவது உண்மை. ஆனால் இரைப்பையிலுள்ளதை வாய் வழியாக வெளியே தள்ளும் வலு வயிற்றுத் தசைகளும் உதரவிதானமும் இறுகுவதால் வருவது. மாணவர்கள் இதில்தான் தவறுகிறார்கள்.

———

அம்மா, வாந்தி விஷயத்தில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். என் வரைவில் அதுதான் எடுத்துக்காட்டாக இருந்தது, எடுத்துவிட்டேன்.

‘தசையலை’ எனக்கும் ஆசைதான். ஆனால் இதயத்திலும் சுருக்கம் தசை வழியே அலையாகத்தான் பரவுகிறது. அதையும் தசையலை என்று ஒரு பிள்ளை எழுதினால் எப்படித் தப்பென்று அடிப்பது? ‘தல்’ அநாதையாகாமல் இருக்க, ‘அலை உந்தல்’ என்று பிரித்தே எழுதிவிடலாம். பெயரடையாக வரும்போது ‘அலை உந்து இயக்கம்’. இந்த வாரம் உங்கள் வகுப்பில் இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, எதைச் சொல்லும்போது நாக்கு இடறுகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை சொற்பட்டியலில் இதற்கு நேரே கேள்விக்குறிதான் போட்டு வைத்திருக்கிறேன்.