ட்ரில் மிஷினில் இரண்டு முறை ஆர்மேச்சர் கருகிவிட்டது, அடுத்து எதை வாங்கலாம்?

வணக்கம். வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் மெயின்டனன்ஸ் வேலை. வயரிங், பைப், ஏசி ஸ்டாண்ட் எல்லாம் நான்தான். 600 வாட் இம்பாக்ட் ட்ரில்லில் ஆர்மேச்சர், அதாவது மோட்டாருக்குள் சுழலும் செம்புக் கம்பிச் சுருள், ஒன்றரை வருஷத்தில் கருகியது. கம்பியைப் புதிதாகச் சுற்றி ரீவைண்டிங் செய்தேன், நாலு மாதத்தில் மறுபடி அதே வாடை. பெரும்பாலும் சீலிங் ஸ்லாப்பில் 8, 10 எம்எம் ஓட்டைதான். ஒரு ஓட்டைக்கு நாலைந்து நிமிஷம், ஏணியில் நின்று தோளால் முட்டுக் கொடுக்க வேண்டும். முதலாளி "இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டார். 1000 வாட் இம்பாக்ட் வாங்கலாமா?

காட்பாடி எலக்ட்ரீஷியன்: எக்ஸ்டென்ஷன் வயர் எத்தனை மீட்டர்? மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கினாலும் மோட்டார் போகும்.

கேட்டவர்: 1 எம்எம் காப்பர், 30 மீட்டர் அண்ணா.

ராணிப்பேட்டை ரீவைண்டிங் கடை: அந்த வயரில் 600 வாட்டுக்கு ஏறக்குறைய 3 வோல்ட்தான் குறையும். வயர் மேல் பழி வேண்டாம். தம்பி, "தோளால் முட்டு" என்றீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. இம்பாக்ட் ட்ரில்லில் பல் வைத்த இரண்டு தட்டு ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுவதுதான் அடி. அதற்கு பலம் உங்கள் கையிலிருந்துதான் வர வேண்டும். அழுத்த அழுத்த வேகம் குறையும், கரன்ட் ஏறும். குளிர வைக்கிற ஃபேனும் அதே ஆர்மேச்சர் தண்டில்தான் இருக்கிறது, அதுவும் மெதுவாகிவிடும். அப்புறம் கருகாமல் என்ன செய்யும்? 1000 வாட் வாங்கினாலும் இதே கதைதான், கொஞ்சம் தாமதமாக.

நீங்கள் வாங்க வேண்டியது ரோட்டரி ஹேமர். உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று சுத்தியலைத் தள்ளி அடிக்கும். நாம் பிடித்துக்கொண்டால் போதும். எஸ்டிஎஸ் பிளஸ் சக் (பிட்டைச் செருகினாலே பூட்டிக்கொள்ளும் வாய்), 26 எம்எம் வகை, 800 வாட், ஒரு அடியின் பலம் 2.7 ஜூல் அளவில் பாருங்கள். பிட் ஸ்லாப்புக்குள் இருக்கும் கம்பியில் மாட்டினால் கையை முறுக்காமல் நழுவுகிற சேஃப்டி கிளட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏணி வேலைக்கு அது முக்கியம். எந்தக் கம்பெனி என்பதைவிட, ஆர்மேச்சரும் கார்பன் பிரஷும் (மோட்டாருக்குள் தேய்கிற கரித்துண்டு) நம் ஊரில் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

சத்துவாச்சாரி பிளம்பர்: ஒன்று சொல்கிறேன், நான் முதலில் ஏமாந்தது. ரோட்டரி ஹேமரில் பிட் சக்கில் லொடலொட என்று ஆடும். பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போனேன், சிரித்தார்கள்! அது அப்படித்தான். பிட் அடியில் துளி கிரீஸ் வையுங்கள். ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி பிட்டில் செருகினால் சீலிங் தூசு மிஷினுக்குள் இறங்காது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மறக்காதீர்கள்.

கேட்டவர்: அப்போ பழையதைத் தூக்கிப் போடவா?

ரீவைண்டிங் கடை: வேண்டாம். டைல்ஸ், இரும்பு, மரத்துக்கு அதுதான் லாயக்கு, அதிலுள்ள ஹேமர் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு. கொண்டு வாருங்கள், பார்க்கிறேன். கார்பனையும் சேர்த்து மாற்றிவிடலாம்.

கேட்டவர்: சரி அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முதலாளியிடம் அந்த ஃபேன் கதையைச் சொன்னேன், உடனே சம்மதித்துவிட்டார்.