பாய்லர் அழுத்தம் ஏறி இறங்குகிறது, தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். லண்டனில் பழைய டெரஸ் வீடு, அதற்கு ஈடாக வயதான கேஸ் காம்பி பாய்லர் (ஹீட்டிங், குழாய் வெந்நீர் இரண்டையும் ஒன்றே தருவது). ஆறியிருக்கும்போது ஃபில்லிங் லூப்பை, அதாவது மெயின் தண்ணீரை ஹீட்டிங் குழாய்களுக்குள் விடும் இணைப்பைத் திறந்து 1.2 பார் வரை தண்ணீர் ஏற்றுகிறேன். ஹீட்டிங் போட்டதும் முள் 3 பாரைத் தொடுகிறது. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. காலையில் பார்த்தால் பூஜ்யம்.

ரேடியேட்டர்களில் காற்று எடுத்தாயிற்று. கசிவு எங்கும் கண்ணில் படவில்லை. எக்ஸ்பான்ஷன் வெசலில் (விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்க, உள்ளே ரப்பர் தடுப்பு வைத்துக் காற்று அடைத்த கலம்) காற்று இறங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். சூடான தண்ணீர் விரிய இடமில்லாவிட்டால் பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளத்தானே செய்யும்.

வெசலின் காற்று வால்வு, பாய்லர் மூடியைக் கழற்றாமலே கைக்கு எட்டுகிறது; கார் டயரில் இருப்பதே தான். பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, தண்ணீரின் அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி, சைக்கிள் பம்பால் 0.75 முதல் 1 பார் வரை அடித்தால் போதுமா? ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் ரிட்டர்ன் குழாயில் (ரேடியேட்டர்களிலிருந்து பாய்லருக்குத் தண்ணீர் திரும்பும் குழாய்) தனியாக ஒரு வெசல் பொருத்தியவர்கள் இருக்கிறீர்களா? எட்டு ரேடியேட்டருக்கு எத்தனை லிட்டர் வெசல் போட்டீர்கள்? அப்புறம், ஒருமுறை திறந்த பாதுகாப்பு வால்வு பிறகு சரியாக மூடாது என்கிறார்கள். அதையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா?

கேஸ் பக்கம் நான் கை வைக்கமாட்டேன். அதற்கு கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவு உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும், சட்டமும் அதுதான். வந்து பார்த்த ஒருவர் எடுத்த எடுப்பிலேயே புது பாய்லர் என்றார். இந்தக் குளிர்காலத்தையாவது இதை வைத்து ஓட்டிவிடலாமா என்று பார்க்கிறேன்.