மே மாதம் ஜவ்வாது மலைப் பணித்தளத்துக்கு வாலிபர்கள்: எதை வைப்பது, எதை விடுவது?

வாலிபர்_செயலர்
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது நெல்லைப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ சபை. மே இரண்டாம் வாரம் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு மிஷன் பணித்தளத்துக்கு வாலிபர் சங்கத்திலிருந்து 24 பேர் எட்டு நாள் போவதாக யோசனை. மூன்று ஊர்களில் விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), மருத்துவ முகாம், ஜெபவீட்டுக்குப் பெயின்ட், துணி விநியோகம் எல்லாம் பட்டியலில் இருக்கிறது. பாதிப் பேர் இப்போதுதான் பிளஸ் டூ முடித்தவர்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மலைத்தளம்
தம்பி, பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அங்கேயே தங்கி ஊழியம் செய்கிற மிஷன் ஊழியருக்குப் போன் போடுங்கள். "நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 24 பேருக்குச் சமைத்துப் போட்டு, தண்ணீர் சுமந்து, கழிப்பறைக்கு வழி பண்ணுவதிலேயே ஊழியர் குடும்பம் ஓய்ந்துவிடும். 12 பேர் போதும். மூன்று ஊர் வேண்டாம், ஒரே ஊரில் ஐந்து நாள் இருங்கள். பிள்ளைகள் முகம் பழகவே இரண்டு நாள் ஆகும்.

துணி மூட்டையை விட்டுவிடுங்கள். கிழிந்ததும் அளவு சேராததும்தான் வந்து சேரும், யாருக்கு எது என்று ஊருக்குள் மனஸ்தாபமும் வரும். நோட்டுப் புத்தகம் கொடுக்க விரும்பினால் ஜூனில் பள்ளி திறக்கும்போது ஊழியர் மூலம் கொடுங்கள். கூட்டத்துக்கு வருகிற பிள்ளை, வராத பிள்ளை என்று பார்க்காமல் ஊரில் எல்லாருக்கும் ஒரே மாதிரி போகட்டும். பொருள் காட்டிக் கூட்டம் சேர்த்தார்கள் என்ற பேச்சு கிளம்பினால், நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், பதில் சொல்ல நிற்பவர் அவர்தான்.

பெயின்ட் வேலைக்கு அந்த ஊர் ஆளையே கூலிக்கு வைத்து, வாலிபர்கள் கையாளாக நிற்கட்டும். அவருடைய கூலியும் கெடாது, உங்கள் பிள்ளைகளும் ஒரு வேலை கற்பார்கள்.

விபிஎஸ்_டீச்சர்
உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் மே மாதம் வீட்டுக்கு வந்திருப்பார்கள், அதனால் காலம் சரி. நேரம்தான் சிக்கல். பல பிள்ளைகளுக்கு ஆடு மாடு பார்க்கிற வேலை உண்டு. காலையா மாலையா என்று ஊரைக் கேட்டு வையுங்கள்.

நாளுக்கு ஒரு கதை, ஒரு மனன வசனம். ஐந்து நாளுக்கும் சேர்த்து மூன்று பாட்டு போதும். பத்துப் பாட்டு சொல்லிக்கொடுத்தால் ஒன்றும் நிற்காது. வயது வாரியாக மூன்று வகுப்பு. பத்துப் பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், ஒரு துணை. கரண்ட்டை நம்பாதீர்கள், படச் சுருளும் மேளமும் எடுத்துப் போங்கள். 50 பிள்ளைகள் என்றால் 80 பேருக்கு கிரேயான் வாங்குங்கள், தம்பி தங்கைகளும் கூடவே வருவார்கள். 80 பேருக்குச் சுண்டல் என்றால் கொண்டைக்கடலை 4 கிலோ. முந்தின இரவே ஊறப்போடாவிட்டால் விறகடுப்பில் வேகவே வேகாது.

பிள்ளைகளுடன் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், தனியே எவரும் வேண்டாம். பிள்ளைகளின் முகம் தெரிகிற படம் ஸ்டேட்டஸில் போகக் கூடாது. இதை ரயில் ஏறுமுன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

செவிலி_அக்கா
மருத்துவர் கூட வராவிட்டால் முகாமே வேண்டாம். வாலிபர்கள் கையால் ஊர்க்காரர்களுக்கு மாத்திரை கொடுப்பது ஆபத்து. உங்கள் குழுவுக்கு மட்டும் முதலுதவிப் பெட்டி. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள், ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் கணக்கு. வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ். அது தீர்ந்துபோனால் 1 லிட்டர் தண்ணீரில் சர்க்கரை தலைதட்டி 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பு கூடினால் கெடுதல்.

இரவில் டார்ச்சும் ஷூவும் இல்லாமல் வெளியே போகக் கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட கையோ காலோ அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். டவர் எந்த இடத்தில் கிடைக்கும் என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

வாலிபர்_செயலர்
நன்றி அண்ணன், அக்கா. 12 பேர், ஒரே ஊர். எங்கள் சபைப் போதகர் ஐயரிடமும் பேசிவிட்டேன். டிக்கெட், தயாரிப்பு வகுப்பு பற்றி யாராவது?

மலைத்தளம்
முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து போடுங்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். மலைக்குப் பஸ் குறைவு, ஊழியரிடம் நேரம் கேட்டுக்கொண்டு ரயிலை முடிவு செய்யுங்கள்.

தயாரிப்புக்கு நான்கு ஞாயிறு மாலை ஒதுக்குங்கள். ஒரு வாரம் மிஷன் வரலாறு: 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா தெலுங்குப் பகுதியிலுள்ள டோர்னக்கலுக்குப் போனது. நம் ஊர்க் கதைதான், பல பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு வாரம் அந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் (கேரளத்தவர் அல்ல) வாழ்க்கை, சாமை விவசாயம், கூலிக்கு வெளியூர் போவது. மற்ற இரண்டு வாரமும் பாடம் நடத்திப் பழகட்டும்.

அங்கே தினமும் பிற்பகல் இரண்டு இரண்டு பேராக ஒரு வீட்டுக்கு அனுப்புங்கள், பிரசங்கம் செய்ய அல்ல, கேட்க. கேட்டதை இரவு ஜெபத்தில் சொல்லட்டும். திரும்பியதும் வரவு செலவைச் சபையில் வாசியுங்கள், மீதிப் பணம் அந்த ஊழியரின் ஜூன் மாத நோட்டுச் செலவுக்குப் போகட்டும்.