நாவல் முடிந்தது, எல்லோரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள். அடுத்து என்ன?

கேள்வி:
வணக்கம். மதுரை சுங்குடிச் சாயப்பட்டறைக் குடும்பம் ஒன்றைப் பற்றி என் முதல் நாவல், 68,000 சொற்கள். நண்பர்கள் 6 பேர் படித்தார்கள். ஆறு பேரும் "நல்லா இருக்கு" என்றார்கள், அதோடு சரி. நவம்பர் கடைசியில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன், இன்றுவரை பதில் இல்லை. இன்னொருவர் 200 பிரதிகளை நானே வாங்கிக்கொண்டால் போடலாம் என்கிறார். எங்கே தப்பு?

பதில் 1:
நவம்பரில் அனுப்பினால் யார் படிப்பார்கள்! ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்கு முன்னால் மெய்ப்பு, அட்டை, அச்சகம் என்றே ஓடிக்கொண்டிருப்பார்கள். மார்ச்சில் இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். யூனிகோடில்தானே அனுப்பினீர்கள்? பாமினியில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

கேட்டவர்:
யூனிகோடுதான். நாவலோடு அனுப்பிய கடிதம் "சிறுவயது முதலே எழுத்தில் ஆர்வம் கொண்டவன்" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். கதை கடைசிப் பத்தியில் வரும்.

பதில் 2:
தம்பி, அந்த ஒன்றரைப் பக்கத்தை யாரும் தாண்டியிருக்க மாட்டார்கள். பட்டறையை விற்கிறார்களா, யார் தடுக்கிறார்கள், அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அப்புறம் முடிவு உட்பட ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் 3 அத்தியாயங்கள். உங்களைப் பற்றி இரண்டு வரி போதும். எழுத்தாளருக்காகப் பதிப்பகத்திடம் பேசும் ஏஜென்ட் வழக்கம் தமிழில் அநேகமாகக் கிடையாது, கடிதம்தான் உங்களுக்காகப் பேச வேண்டும்.

நண்பர்களிடம் "எப்படி இருக்கு" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள் என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் கோளாறு அங்கேதான். ஆனால் எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொன்னால் அதைக் கேட்காதீர்கள், அது உங்கள் வேலை.

பதில் 1:
அந்த 200 பிரதி விஷயம், உங்கள் காசில் நீங்களே போடுவதுதான். அதற்குப் பதிலாக 50 பிரதி மட்டும் அச்சடித்துப் பார்க்கலாம், இப்போது அந்த வசதி இருக்கிறது. எங்கே போட்டாலும் உரிமை யாரிடம் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

கேட்டவர் (10 நாள் கழித்து):
கேட்டேன். நான்கு பேர் 41ஆம் பக்கத்தில் வைத்துவிட்டார்களாம். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பதை அங்கே 9 பக்கம் எழுதியிருக்கிறேன். ரசித்து எழுதியது.

பதில் 2:
அந்த 9 பக்கத்தை ஒரே பக்கமாக்கிப் பாருங்கள். மீதி எட்டையும் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள், மனசு ஆறும்.