33 லட்சத்துக்குப் பழைய பாக்ஸ்டர்: வாங்கலாமா, வேண்டாமா?

நொய்யல்காரன்
கோவையில் இருக்கிறேன். திருப்பூரில் பின்னலாடை மெஷின் உதிரிபாகத் தொழில். பெங்களூரில் ஒரு போர்ஷே பாக்ஸ்டர் எஸ் விற்பனைக்கு வந்திருக்கிறது. 2010 தயாரிப்பு, 2011 மார்ச் பதிவு, பிடிகே ஆட்டோமேட்டிக், மீட்டரில் 41,000 கி.மீ., மூன்றாவது ஓனர். கேட்பது 33 லட்சம். கையில் 40 வரை இருக்கிறது, கடன் வாங்குவதாக இல்லை. வீட்டில் இன்னோவா இருப்பதால் இது ஞாயிற்றுக்கிழமை வண்டிதான்.

விற்பவர் "ஃபுல் சர்வீஸ் ரெக்கார்டு இருக்கு" என்கிறார். வாட்ஸ்அப்பில் வந்ததோ மூன்று பில். வாங்கு என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள். "வாழ்க்கை ஒரு தடவைதான்" வகைப் பதில்களை என் மச்சானே தினமும் அனுப்புகிறான்.

கணக்குப்பிள்ளை
வேண்டாம். வண்டி வயதாக ஆக அதன் விலை இறங்கும். உதிரிபாகத்தின் விலை இறங்காது. 33 லட்சத்துக்கு வாங்குகிற காருக்கு, புதிதில் அது என்ன விலையோ அந்தத் தரத்துக்கான பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன், ரேடியேட்டர் வாங்க வேண்டும். போதாததற்கு இந்த போர்ஷேக்களில் ஐஎம்எஸ் பேரிங் என்று ஒன்று உண்டு. அது உடைந்தால் இன்ஜினே காலி.

வேகம்தான் வேண்டுமென்றால் பழைய ஆக்டேவியா ஆர்எஸ் 230 பாருங்கள். 2 லிட்டர் டர்போ, 230 குதிரைத்திறன், நாலு பேர் உட்காரலாம், 590 லிட்டர் டிக்கி. இந்தக் காசில் மிச்சமும் இருக்கும்.

பிளாட்சிக்ஸ்
பேரிங் கதையை அரைகுறையாகச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். 1996 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டரில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுகளை ஓட்ட நடுவில் ஒரு ஷாஃப்ட், அதுதான் ஐஎம்எஸ். அதன் ஒரு முனையில் மூடிய பால் பேரிங். உள்ளே கிரீஸ் போனதும் அது தேய்ந்து உடையும், டைமிங் தவறும், வால்வும் பிஸ்டனும் மோதும். அமெரிக்காவில் 2001-2005 மாடல்களுக்காகக் கூட்டு வழக்கே நடந்து 2013-இல் சமரசம் ஆனது. 2006 வாக்கில் பேரிங்கைப் பெரிதாக்கினார்கள். பழுது குறைந்தது, ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் அதை மாற்ற முடியாது. 2009 மாடலில் புது இன்ஜின் வந்தது. அதில் அந்த ஷாஃப்டே கிடையாது. நண்பர் பார்க்கும் வண்டி 2010.

ஆக்டேவியா நல்ல கார், மறுக்கவில்லை. ஆனால் அதை ஓட்டியவர் பாக்ஸ்டரை ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டார். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். எடை 1,350 கிலோ சுமார். 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லை, 310 குதிரைத்திறன். ஸ்டீயரிங் ஹைட்ராலிக். அடுத்த தலைமுறையில் ஸ்டீயரிங்கை மின்சாரமாக்கினார்கள், 2016-இல் நாலு சிலிண்டர் டர்போவுக்குப் போனார்கள். இந்தக் கலவை புதிதாக வாங்கக் கிடைக்காது.

கணக்குப்பிள்ளை
சரி, அந்த பேரிங் இந்த வண்டியில் இல்லை. பிடிகே இருக்கிறதே? உள்ளே ஒரு சென்சார் போனால் முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்த பில்லை ஆக்டேவியாவின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிளாட்சிக்ஸ்
இருந்தது, உண்மை. இப்போது சென்சாரை மட்டும் தனியாக மாற்றுகிறார்கள், வெளி மார்க்கெட்டிலும் பாகம் கிடைக்கிறது. ஆனால் அதைச் செய்யத் தெரிந்த கை கோவையில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும். பாகத்தை விட ஆள் கிடைப்பதுதான் பாடு.

சர்வேயர்_சேலம்
இன்சூரன்ஸ் சர்வே என் தொழில். நீங்கள் இருவரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மேசைக்கு வருகிற கதை வேறு மாதிரி.

5 வயதைத் தாண்டிய வண்டிக்கு ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு, பட்டியல்படி வராது. கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. 33 லட்சம் கொடுத்து வாங்கிய வண்டிக்கு ஐடிவி 20 என்று போட்டுவிட்டு, பிரீமியம் குறைவாக வந்ததே என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் கிடையாது, ஐடிவி தொகையோடு சரி. இந்த மாதிரி வண்டிக்கு அதற்குப் பெரிய விபத்தெல்லாம் தேவையில்லை. முன்பக்கம் ஓர் இடி, ஹெட்லைட் இரண்டு, ரேடியேட்டர், ஏர்பேக், பானெட். கணக்கு அங்கேயே முடிந்துவிடும். கைக்கு 20 வரும், 13 போகும்.

தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி இந்த வயதுக்குப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். அதனால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி உங்கள் பையிலிருந்துதான். கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆசை இருந்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

பிளாட்சிக்ஸ்
ஐடிவியை 30-க்கு மேல் கேட்டு வாங்கலாமே சார், பிரீமியம் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இது வாங்காமல் இருக்கக் காரணம் ஆகாது. ஒழுங்காக வாங்கச் சொல்கிற காரணம்.

சர்வேயர்_சேலம்
கேட்கலாம். கொடுப்பார்களா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். நான் சொல்வது அவ்வளவே.

ஈஸ்ட்ஹாம்_யாழ்
லண்டனில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் 2007 பாக்ஸ்டர் இருக்கு, பெரிய பேரிங் உள்ளது. இங்கே முதல் தலைமுறை வண்டி நாலைந்தாயிரம் பவுண்டுக்கும் கிடைக்கும். அந்தக் காசுக்கு ரிஸ்க் எடுக்கலாம். போனால் பாகம் பாகமாக விற்றாலும் கொஞ்சம் திரும்ப வரும். நீங்கள் 33 லட்சம் என்கிறீர்கள். அதே ரிஸ்க் இல்லை அது.

இன்னொன்று. இங்கே நம்பர் பிளேட்டைத் தட்டினால் வருசாவருசம் நடக்கும் எம்ஓடி என்கிற வாகனத் தகுதிச் சோதனையில் என்ன மைலேஜ், எதில் தேறவில்லை, எல்லாம் இலவசமாக இணையத்தில் வரும். மீட்டரைத் திருப்பினால் அடுத்த சோதனையிலேயே பிடிபடும். உங்கட பக்கத்தில் அப்படி ஏதும் இருக்கோ?

நொய்யல்காரன்
அரசின் எம்பரிவாகன் ஆப்பில் ஓனர் எத்தனையாவது, இன்சூரன்ஸ், ஆர்சி காலம் வரும் அண்ணா. மைலேஜ் வராது. 41,000 என்பதை விற்பவர் வாயால் மட்டும்தான் நம்ப வேண்டும்.

பிளாட்சிக்ஸ்
அப்படி இல்லை. போர்ஷேவின் டயக்னாஸ்டிக் கருவியைப் போட்டால் இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கம்ப்யூட்டர் காட்டும். கிலோமீட்டரை அந்த மணியால் வகுங்கள். நம் ஊர் ஓட்டத்துக்குச் சராசரி 30-35 வந்தால் நம்பலாம். 41,000-க்குச் சுமார் 1,200 முதல் 1,400 மணி. கருவி 2,800 மணி என்று காட்டினால் சராசரி 15 கூட வராது. பெங்களூர் டிராஃபிக்தான் காரணம் என்று விற்பவர் சொல்வார். சில்க் போர்டு சிக்னலிலேயே குடியிருந்தால்தான் அது சாத்தியம்.

வால்பாறை_40
கணக்கெல்லாம் சரி. ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு. காலை 6 மணிக்குக் கூரையைத் திறந்துவிட்டு மேலே போகிறவனிடம் ஐடிவி எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. வாங்குங்க ப்ரோ.

கணக்குப்பிள்ளை
காலை 6 மணிக்கு அங்கே யானை நிற்கும் ப்ரோ. நாலு வழிச் சாலையிலும் சட்டப்படி 100-தான். 270-ஐத் தாண்டுகிற வண்டியை வைத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் அளவு மாறுகிற ஸ்பீட் பிரேக்கரில் குறுக்காக ஏற்றி இறக்கி, அடிப்பகுதி உரசுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவதில் என்ன சுகம்?

விலை இறங்காது என்று யாராவது அடுத்து வருவீர்கள். அது லண்டனில், வாங்க ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில். இங்கே இரண்டு சீட் காருக்கு ஆள் தேட மாதக்கணக்கில் ஆகும். கேட்கிறவரும் "லாஸ்ட் பிரைஸ் என்ன" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஈஸ்ட்ஹாம்_யாழ்
இங்கேயும் எல்லாம் ஏறவில்லை. ஆட்டோமேட்டிக்கை விட மேனுவலுக்குத்தான் ஆட்கள் அலைகிறார்கள். உங்கள் நண்பர் பார்ப்பது பிடிகே. முதலீடு என்று நினைத்து வாங்க வேண்டாம்.

நொய்யல்காரன்
முதலீடாக நினைக்கவில்லை. 7 லட்சம் தனியாக வைத்திருக்கிறேன், அது ரிப்பேருக்கு. ஐந்து வருடம் கழித்து 20-க்குப் போனாலும் தூக்கம் கெடாது.

விட்டுப்போன விஷயம்: சைலன்சரை மாற்றியிருக்கிறார். சத்தம் பிரமாதம். பழையது எங்கே என்று கேட்டால் "நண்பர் வீட்டில் இருக்கு" என்கிறார். பெட்ரோலும் ஒரு கவலை, எல்லா இடத்திலும் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20.

சர்வேயர்_சேலம்
அந்தப் பழைய சைலன்சர் வராமல் வண்டி வரக் கூடாது. காரணம் சொல்கிறேன்.

2011 மார்ச் பதிவு என்றால் ஆர்சி 2026 மார்ச் வரைதான். அப்புறம் படிவம் 25 போட்டு, வண்டியை ஆர்டிஓ முன்னால் நிறுத்திப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். சாதாரண காருக்கு 5,000 ரூபாய். ஆர்சியில் இறக்குமதி வாகனம் என்று இருந்தால் 40,000. 20 வயதைத் தாண்டினால் அது 80,000. நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. அந்தச் சத்தத்தோடு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்காதீர்கள்.

கர்நாடகா வண்டி என்பதால் அங்கே என்ஓசி என்கிற தடையின்மைச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்குத் தக்கபடி குறையும், ஆனால் கணக்குத் தொடங்குவது அன்றைய அசல் விலையிலிருந்து, நீங்கள் கொடுத்த 33-லிருந்து இல்லை. உங்கள் ஆர்டிஓவில் அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள். கர்நாடகாவில் கட்டிய வரியில் மிச்சம் திரும்ப வரும் என்று புரோக்கர் சொல்வார். வந்த பிறகு கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓனர் பெயரில் பாண்டிச்சேரிப் பதிவு இருந்து கர்நாடகாவுக்கு மாறிய வண்டியா என்றும் பாருங்கள். வரி மிச்சம் பிடிக்க அங்கே பொய் முகவரியில் பதிந்த சொகுசு கார்கள் மீது கேரளாவில் 2017-இல் வழக்குகள் வந்தன. ஓனர் மாறினாலும் வண்டியின் பழைய காகிதம் வண்டியோடுதான் வரும்.

கணக்குப்பிள்ளை
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். யானை வாங்கிவிட்டோம், இனி தினமும் கரும்பு.

பிளாட்சிக்ஸ்
நீங்கள் இன்ஜின் வெடிக்கும் என்றுதான் முதலில் ஆரம்பித்தீர்கள். காகிதம் சரி செய்யக்கூடிய விஷயம், விலையில் கழிக்கக்கூடிய விஷயம். ஆர்சி முடிய இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது அவர் ஏன் விற்கிறார் என்று நினைக்கிறீர்கள்? நொய்யல்காரருக்குப் பேரத்தில் அதைவிடப் பெரிய துருப்பு இல்லை.

இ20 பற்றி: 2010-இல் வந்த வண்டி அதற்காகச் செய்ததில்லை. ஞாயிறு மட்டும் ஓட்டுவதால் எக்ஸ்பி100 பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம், அதில் எத்தனால் இல்லை. விலை அதிகம், எல்லா பங்கிலும் கிடைக்காது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கில் இ20-ஐ விட்டு வைக்காதீர்கள்.

பெங்களூர் போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள். முன் பம்பரின் இரு ஓரத்து ஓட்டைகளுக்குள் ரேடியேட்டர். சருகும் மண்ணும் சேர்ந்து ஈரத்தில் அரித்துவிடும், வெளியே தெரியாது. அடுத்து கூரைக்குப் பின்னால் இருக்கும் நீர் வடிகால்கள். அவை அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி சீட்டுக்கு அடியில் இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டியை நனைக்கும், வண்டி திறக்கவே திறக்காது. கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், சேற்றுக் கோடு இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் சொகுசு கார்கள் மூழ்கிக் கிடந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். அவை எல்லாமே காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

டயரில் கடைசி நாலு இலக்கம் வாரமும் வருடமும். தேயாமல் இருந்தாலும் 2017 டயர் என்றால் நாலும் மாற்ற வேண்டும். முன்னால் 235, பின்னால் 265, வேறு வேறு அளவு. இடம் மாற்றிப் போட்டு ஓட்டும் வேலையெல்லாம் நடக்காது.

ஈஸ்ட்ஹாம்_யாழ்
குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கோ. நீங்கள் போகும்போது வண்டி ஏற்கெனவே சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருங்கோ. அவசரப்படுத்தினால் வேற வண்டி பார்க்கலாம்.

நொய்யல்காரன்
விற்பவரிடம் இன்று பேசினேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் என் செலவில் சோதனைக்கு ஒத்துக்கொண்டார். ஆர்சியை அவரே கர்நாடகாவில் புதுப்பித்துக் கொடுத்தால் 30, அப்படியே கொடுத்தால் 26 என்று சொன்னேன். "26-க்கு ஃபார்ச்சூனர்கூட வராது சார்" என்றார். வராதுதான், நான் ஃபார்ச்சூனர் கேட்கவில்லை. சனிக்கிழமை வரை டைம் கேட்டிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை
அந்த ஆக்டேவியா லிங்க்கைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். வெள்ளை, ஒரே ஓனர், கோவைப் பதிவு.

சர்வேயர்_சேலம்
இன்ஜின் மணிக்கணக்கு, என்ஓசிக்குப் போலீஸ் கிளியரன்ஸ், பழைய சைலன்சர். மூன்றும் வரும் வரை அட்வான்ஸ் 25,000-க்கு மேல் வேண்டாம், அதையும் வங்கி வழியாகவே கொடுங்கள்.