புதுப்பிப்பு: கட்சியில் சேர்வதா, ஆதரவாளராகவே இருப்பதா?

கம்யூனிஸ்ட் கட்சியில் சேரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போதைக்குச் சேரவில்லை, தொழிற்சங்க வேலையில் இறங்கிவிட்டேன்.

தயங்க வைத்தது கொள்கை அல்ல, ஜனநாயக மத்தியத்துவம். முடிவாகும்வரை உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். முடிவான பிறகு, எதிர்த்து வாக்களித்தவரும் அதைத்தான் வெளியே பேச வேண்டும். எனக்கோ வாய் நீளம்.

“ஆதரவாளர் எல்லாம் ஒரு கணக்கா?” என்று கேட்டிருந்தவருக்கு: இது பழைய சண்டை. 1903இல் ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி மாநாட்டில், கட்சி அமைப்பு ஒன்றில் நேரடியாகப் பங்கேற்பவரே உறுப்பினர் என்றார் லெனின். அமைப்பின் வழிகாட்டலில் தொடர்ந்து உதவினாலே போதும் என்றார் அதே கட்சியின் இன்னொரு தலைவர் மார்தோவ். அந்த வாக்கெடுப்பில் மார்தோவ்தான் ஜெயித்தார்!

சில கட்சிகளில் முழு உறுப்பினராகும் முன் சோதனைக் காலம் உண்டு. சங்கத்தில் ஒரு வேலைநிறுத்தத்தைப் பார்த்துவிட்டு அதை யோசிக்கிறேன்.