நெக் ரீசெட்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

மும்பைச் செம்பூரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் கிட்டார் கற்கிறார்கள். அவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு பராமரிப்புக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். (பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனாலேயே தமிழில்.) கம்பி மாற்றுவது, துடைப்பது, உறையில் வைப்பது எல்லாம் எழுதியாயிற்று. நெக் ரீசெட்டில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ பாரம் தொங்குகிற அளவுக்குக் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன, ராப்பகலாக. வருஷங்கள் போகப் போக, கழுத்தும் உடலும் சேருமிடம் அசைந்து கொடுக்கிறது. கழுத்து முன்பக்கம் வர, கம்பி மெட்டுகளை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) விட்டு மேலே எழும்பிவிடுகிறது. என் கிட்டார் 2004இல் வாங்கியது. பன்னிரண்டாம் மெட்டின் மேல் தடித்த கம்பி 2.5 மி.மீ. உயரத்துக்குள் இருந்தால் வாசிக்கச் சுகம். போன ஜூலையில் அளந்தேன், 4.5. ஐந்தாம் மெட்டைத் தாண்டினால் அரிவாள்மனையில் விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது. இதற்குக் கழுத்தைக் கழற்றி, கோணத்தைத் திருத்தி, மறுபடி ஒட்ட வேண்டும். அந்த வேலைக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

கூடவே ஒரு புலம்பல். என் கிட்டாருக்கு "வாழ்நாள் வாரண்டி" உண்டு. யாருடைய வாழ்நாள் என்பது பொடி எழுத்தில் இருந்தது: முதலில் வாங்கியவருடையதாம். முதலில் வாங்கியவன் நான்தான், உயிரோடும் இருக்கிறேன். கம்பெனிக்குப் படங்களோடு எழுதிப் போட்டேன். பதினோரு நாள் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது. வழக்கமான தேய்மானம், தட்பவெப்பப் பாதிப்பு, இரண்டும் வாரண்டியில் சேராதாம். தேய்மானம் என்கிறார்களே, இதில் எது தேய்ந்தது?

செம்பூரிலிருந்து

* * *

> கழுத்தைக் கழற்றி, கோணத்தைத் திருத்தி, மறுபடி ஒட்ட வேண்டும்

தம்பி, இதற்கு இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டுமா? ரீசெட்டுக்குக் கணினிக்காரர்கள் "மீட்டமை" என்று எப்போதோ வைத்துவிட்டார்கள். "கழுத்து மீட்டமைப்பு" என்று போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள். இருக்கிற சொல்லை எடுத்தாள்வதை விட்டுவிட்டு நாளுக்கொன்று புதிதாக ஆக்கினால் படிக்கிற பிள்ளை ஓடியே போய்விடும்.

மாட்டுங்காவிலிருந்து

* * *

ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் வீணை வாசிக்கிறவள். "கழுத்து மீட்டமைப்பு" என்றால் யாரோ யாருடைய கழுத்தையோ பிடித்து மீட்டுகிற மாதிரிதான் என் காதில் விழுகிறது. நரம்பை மீட்டுவதும் அடகு வைத்ததை மீட்பதும் வேறு வேறு வினை என்று இலக்கணம் சொல்லலாம். ஆனால் இசைக்கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் முதலாவது முந்திக்கொண்டு வந்துவிடும். அடகுக் கடைக்குப் பக்கத்தில் வைத்தால் உங்கள் சொல் சரி.

கழுத்துக்குத் தண்டி என்று வீணைக்காரர்கள் சொல்கிறோம். குடம், மெட்டு, குதிரை, பிரடை எல்லாம் கையிலேயே இருக்கின்றன. கிட்டாரின் குதிரைமேல் (கம்பிகளைத் தாங்கும் கட்டை, ஆங்கிலத்தில் பிரிட்ஜ்) எலும்பில் ஒரு மெல்லிய பட்டை இருக்குமே, சேடில் என்பார்கள், அதைச் சேணம் என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் பாலம் கட்டி அதன்மேல் சேணம் போட்டிருக்கிறார்கள். நம்மிடம் குதிரையே இருக்கிறது!

மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் வீணையை "மேளம் கட்ட" கொடுக்கிறோம். சைக்கிள் சக்கரம் ஆடினால் "கோட்டம் எடுக்க" கொடுக்கிறோம். வேலை செய்கிறவர்கள் வாயில் புழங்குகிற சொற்கள். அதே அச்சில் "தண்டிக் கோட்டம் எடுத்தல்" என்று வைத்தால் என்ன?

முலுண்டிலிருந்து

* * *

> கழுத்துக்குத் தண்டி என்று வீணைக்காரர்கள் சொல்கிறோம்

யாழுக்குக் "கோடு" என்று சங்க காலத்திலிருந்தே இருக்கும்போது தண்டி எதற்கு?

டோம்பிவலியிலிருந்து

* * *

டோம்பிவலி நண்பருக்கு முதலில். யாழின் கோடு வில்போல வளைந்தது, அதில் மெட்டு கிடையாது. கோடு வளைந்திருப்பதைத்தான் குறளும் உவமையாக எடுத்துக்கொண்டது. நேராக நின்று மெட்டுகளைத் தாங்குவது தண்டி. கிட்டாருக்கு அதுதான் உறவு.

முலுண்ட் அக்கா சொன்னதில் முக்கால் பங்கு எனக்குச் சம்மதம். "எடுத்தல்" அருமை. சிக்கு, சுளுக்கு, தூர், கோட்டம் என்று எல்லாக் கோளாற்றையும் நாம் "எடுக்க"த்தான் செய்கிறோம். இடிப்பது கோட்டம் என்ற சொல். போன சனிக்கிழமை வரை எனக்கும் அது இடிக்கவில்லை.

தோபி தலாவ் பக்கம் ஒரு பட்டறை. கோவாக்காரப் பெரியவர் ஒருவருடையது. அவருக்குக் கைவேலைக்குத் தாராவியிலிருந்து ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி வருகிறார், மரவேலைக்காரர். அன்று மேஜையில் கிடந்தது வேறு யாருடையதோ பழைய கிட்டார். (என்னுடையதைத் தொட விடவில்லை. வெளியாள் திறந்தால் இருக்கிற வாரண்டியும் போய்விடும்.) பதினைந்தாம் மெட்டைப் பிடுங்கி, அது இருந்த பள்ளத்தில் மெல்லிய துளை போட்டிருந்தார்கள். பக்கத்தில் அடுப்பின் மேல் நம் வீட்டுப் பிரஷர் குக்கர். வெயிட்டை எடுத்துவிட்டு அந்த மூக்கில் ரப்பர் குழாயைச் செருகி, குழாயின் நுனியில் பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி. ஊசி துளைக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மூட்டிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் சொட்ட, வச்சிரப் பசை இளகுகிற வாடை. பெரியவர் இரண்டு கையாலும் அசைத்து அசைத்துத் தூக்க, புறாவால் மூட்டு (டவ்டெயில்) "ப்ளக்" என்று விட்டது.

அண்ணாச்சி அந்தத் தண்டியின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "பாத்தியளா தம்பி, இதுல வளைவே கெடையாது. நூல் புடிச்ச மாதிரி இருக்கு. நிக்கிற நெலதான் சாஞ்சிட்டு. சாய்வ எடுத்தாப் போதும்." பிறகு உளியை எடுத்து மூட்டின் அடிப்பக்கம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் போலச் சீவினார். மேலே வர வர ஒன்றுமில்லாமல் தேய்த்துவிட்டார். அவ்வளவுதான் வேலை. ஒட்டுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

ஆக, கோளாறு இரண்டு. தண்டியே வில்லாக வளைவது ஒன்று. அதற்கு உள்ளே ஓடுகிற இரும்புக்கம்பியின் மறையைத் திருகினால் போதும், பத்து நிமிஷம். இதைக் "கோட்டம் எடுத்தல்" என்போம். தண்டி நேராக இருந்து, அது உடலோடு சேருகிற கோணம் போய்விடுவது இன்னொன்று. "சாய்வெடுத்தல்" இதற்கு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், அந்த உள்கம்பியைத் திருகித் திருகிச் சாய்வை எடுக்கப் பார்க்கும் பிள்ளை அதை முறித்துவிடும். (நான் முறிக்கவில்லை. கிட்டத்தட்ட.) வீட்டிலேயே சோதிக்கலாம்: நீள ஸ்கேலை மெட்டுகளின் மேல் கிடத்தித் தள்ளினால் அதன் முனை குதிரையின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். குதிரையின் நெற்றியில் போய் முட்டினால் சாய்வு.

மூன்றாவதாக ஒன்றும் வேண்டும், மும்பைக்கென்றே. மழைக்காலத்து ஈரத்தைக் குடித்து மேல்பலகை வீங்கி, குதிரையைத் தூக்கிவிடும். அப்போதும் கம்பி உயரும். பெரியவர் அதனால்தான் ஜூலையில் கொண்டுபோனபோது கையே வைக்க மாட்டேன் என்றார். மரம் உலர்ந்த பிறகு வா என்றார். இதை "உப்பல்" என்று வைத்திருக்கிறேன். ஜனவரியில் மறுபடி அளந்தேன், 4.0. ஆக, மழையின் பங்கு அரை மில்லிமீட்டர். மிச்சம் சாய்வு.

வாரண்டிக்காரர்களுக்கு இதே கணக்கை எழுதி அனுப்பியிருக்கிறேன். தேய்வது மெட்டு, சேணம், கம்பி. அவற்றை நான் கேட்கவில்லை. ஈரத்தால் வருவது உப்பல். அது தானே இறங்கிவிட்டது. நான் கேட்பது மூட்டின் சாய்வு. மூன்றையும் "தேய்மானம்" என்ற ஒரே மூட்டையில் கட்டி என் தலையில் வைக்காதீர்கள் என்று (ஆங்கிலத்தில், கொஞ்சம் மரியாதையாக) முடித்தேன்.

செம்பூரிலிருந்து

* * *

தம்பி, "மீட்டமைப்பு" தோற்றதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் உப்பல், கோட்டம், சாய்வு என்று பிரித்தது நன்றாக இருக்கிறது. ஒரு குறை: தலைச்சொல்லில் எதன் சாய்வு என்பதும் வர வேண்டும். "தண்டிச் சாய்வெடுப்பு" என்று போடுங்கள், ச் விடாமல். வாரண்டிக்காரர்கள் மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும்.

மாட்டுங்காவிலிருந்து

* * *

ச் போட்டுவிட்டேன் ஐயா.

நேற்று பதில் வந்தது. இந்த முறை தேய்மானம் என்ற பேச்சே இல்லை. 2004 ரசீதின் நகல் கேட்கிறார்கள். பரணில் இருந்த கோப்பைப் பிரித்தேன். இருபது மழைக்காலம் பார்த்த தாள், கடையின் முத்திரை மட்டும் ஊதாவாகத் தெரிகிறது, தேதி இருந்த இடத்தில் வெள்ளை. மங்கிய எழுத்தை ஸ்கேனரில் எடுக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தனிமடல் போடுங்கள்.

செம்பூரிலிருந்து